வாய்க்காலுக்குச் சாமி இல்லை

(மேலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில், கிளை நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, முன்வரிசையில் துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்பலகாரப் பெரியவர்களே, சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்திருக்கும் நாட்டார்களே, நாற்காலி காலியாக இருந்தும் வேப்பமரத்தடியிலேயே நிற்கிற இளவட்டங்களே, அடுப்படி வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, எல்லாருக்கும் என் வணக்கம்.

தலைமையாசிரியர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் எனக்கு ராத்திரி சோறு இறங்காது. இந்த வட்டாரத்துக்கே வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர். இந்த மேடையில் இருப்பவர்களில் பாதிப் பேர் அவரிடம் குட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாமல் தப்பித்தவர்கள். நான் பேசி முடித்ததும் எத்தனை தப்பு என்று விரல் விட்டுச் சொல்லுவார், அதற்கும் தயாராகத்தான் வந்திருக்கிறேன். தலைவர் அம்மாவின் காலத்தில்தான் இந்த நூலகத்துக்குக் கூரை மாறியது. அதற்கு முன்னால் மழை வந்தால் நூலகர் புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு மாரியம்மன் கோயில் மண்டபத்துக்கு ஓடுவார். பதவி போனாலும் அந்தக் கூரை நிற்கிறது. அம்பலகாரப் பெரியவர்களைத் தனித்தனியாகப் பேர் சொல்லி வணங்கத்தான் ஆசை. ஒருவர் பேரை விட்டுவிட்டேன் என்றால் அடுத்த திருவிழாவில் பரிவட்டம் யாருக்கு முதலில் என்கிற அளவுக்குப் போய்விடும். அதனால் மொத்தமாக ஒரு கும்பிடு. ஒலிபெருக்கித் தம்பிக்கும் நன்றி, பாட்டை நிறுத்தியதற்காக.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘நம் சுற்றுச்சூழலை நாம் எப்படிப் பார்க்கிறோம்?’ என்பது. இதை மூன்றாகப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஒன்று பழக்கம், இரண்டு நம்பிக்கை, மூன்று கைப்பேசி. கைப்பேசி என்றதும் மரத்தடியில் நிமிர்ந்து பார்க்கிறார்கள். பொறுங்கள், கடைசியில் வருகிறது.

நான் எந்த மேடை ஏறினாலும் சொல்கிற பழமொழி ஒன்று உண்டு. ‘குளத்தோடு கோபித்துக்கொண்டு கால் கழுவாமல் போனானாம்.’ தாய்மார்கள் இருக்கிற சபை, அதனால் கால் என்கிறேன். கழுவாமல் போனது கால் இல்லை என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். இந்தப் பழமொழியை இன்னும் இரண்டு தரமாவது சொல்லுவேன், சகித்துக்கொள்ளுங்கள்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்லூரியிலிருந்து மாணவர்கள் கணக்கெடுப்புக்கு வந்தார்கள். எந்த ஊருக்கு என்று சொல்ல மாட்டேன், அந்த ஊர்க்காரர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். வழிகாட்ட என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கையில் அச்சடித்த தாள். அதில் ஒரு கேள்வி, ‘உங்கள் ஊர்க் கண்மாய் நீரின் தரம் எப்படி இருக்கிறது?’ பக்கத்தில் ஐந்து கட்டம்: மிக மோசம், மோசம், பரவாயில்லை, நன்று, மிக நன்று. ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டும்.

முதலில் மீன்பாசிக் குத்தகை எடுத்தவரைக் கேட்டார்கள். “ஏ ஒன் தண்ணி. ஜிலேபி மீனு ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலம் இருக்கு” என்றார். அடுத்து, கண்மாய் ஓரத்தில் மனை போட்டு விற்கிறவர். “சார், வடகிழக்கு மூலையில தண்ணி. வாஸ்துக்கு இதைவிட என்ன வேணும்? மிக நன்றுன்னே போடுங்க.” ஆகாயத்தாமரை பச்சைப் பசேல் என்று மூடிக் கிடக்கிறது, தண்ணீரே கண்ணுக்குத் தெரியவில்லை. அதைக் காட்டிக் கேட்டதற்கு, “அதான் சார் பசுமை” என்றார்.

அப்புறம்தான் ஒரு அப்பத்தா அகப்பட்டார். திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து புளியங்கொட்டை பிரித்துக்கொண்டிருந்தார். பையன் குனிந்து, “ஆத்தா, கண்மாய்த் தண்ணி எப்படி இருக்கு?” என்றான்.

“எதுக்கு எப்படி இருக்குன்னு கேக்குறீக? குடிக்கவா, குளிக்கவா, மாட்டுக்கா, வயலுக்கா?”

பையன் தாளைப் பார்த்தான். தாளில் அது இல்லை. “பொதுவா எப்படின்னு சொல்லுங்க ஆத்தா.”

“பொதுவான்னு ஒரு தண்ணி இருக்காய்யா? சரி, எழுதிக்க. நான் வாக்கப்பட்டு வந்தப்ப இந்தத் தண்ணியிலதான் பருப்பு வேகும். பூவா வெந்துரும். இப்ப கால வச்சா அரிக்குது.”

பையனுக்குச் சந்தோஷம். பேனாவை எடுத்து, “அப்ப மிக மோசம்னு போட்டுக்கவா?” என்றான்.

அவ்வளவுதான். புளியங்கொட்டை முறம் ஒரு பக்கம், அப்பத்தா ஒரு பக்கம். “யாரு ஊர்க் கண்மாயப் பாத்து மோசங்கிற? கரையில அய்யனாரு உக்காந்திருக்காரு. மோசமா இருந்தா அவரு உக்காந்திருப்பாரா? நல்லாருக்குன்னு போடு!”

“அரிக்குதுன்னீங்களே ஆத்தா?”

“அரிக்குதுன்னும் எழுதிக்க. அது வேற.”

ஏன் அரிக்கிறது என்று கேட்டான். போன வருஷம் கிடாய் வெட்டவில்லை, சாமிக்குக் குறை என்றார் அப்பத்தா. மகன்காரர் உள்ளேயிருந்து வந்து, அதெல்லாம் இல்லை, மேலூர்க்காரன் தண்ணியை அடைச்சுட்டான் என்றார். பேரன் கைப்பேசியை விட்டுக் கண்ணை எடுக்காமலே, கோழிப்பண்ணைக் கழிவு என்றான். ஒரே திண்ணையில் மூன்று காரணம். மாணவர்கள் கெட்டிக்காரப் பிள்ளைகள், தண்ணீர் வருகிற வழியைப் பார்த்துவிடுவோம் என்று வரத்துக் கால்வாயைப் பிடித்து மேலே நடந்தார்கள். கொஞ்ச தூரத்தில் கால்வாய் தென்னந்தோப்புக்குள் நுழைந்து காணாமல் போனது. சுற்றிப் போய்த் தேடினால், தெருவுக்குள் ஒரு வீட்டு முன்னால் பலகைக்கல் போட்டு மூடி, மேலே ஒரு வண்டி, ஒரு துளசி மாடம், ஒரு ஆட்டுக்குட்டி. கல்லுக்கு அடியில் இரண்டு தெருச் சாக்கடை கலந்து கண்மாய்க்குப் போகிறது. வீடு யார் வீடு? அப்பத்தாவின் மகளைக் கட்டிக்கொடுத்த வீடு!

திரும்பி வந்து, “ஆத்தா, உங்க மருமகன் வீட்டுக்கு முன்னாடிதான் வாய்க்கால மூடியிருக்காங்க” என்று மெதுவாகச் சொன்னான் பையன். அப்பத்தா அவனை மேலும் கீழும் பார்த்தார். “எதுய்யா வாய்க்கா? அது எங்க மக வீட்டு வாசலு.”

கடைசியில் அந்தத் தாளில் ‘நன்று’ என்றுதான் டிக் விழுந்தது.

குளத்தோடு கோபித்துக்கொண்டவனுக்காவது ஒரு கோபம் இருந்தது. நமக்குக் குளத்தின் மேல் கோபமே கிடையாது, பாசம்தான். பாசம் வந்துவிட்டால் பெற்ற பிள்ளையின் குறை எந்தத் தாய்க்குத் தெரிகிறது? இது அப்பத்தாவின் குறை இல்லை, மேலூர் வட்டாரத்தின் குறையும் இல்லை. ராபர்ட் கிஃபோர்ட் என்ற உளவியலாளரும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 18 நாடுகளில் மக்களைக் கேட்டு, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலான நாடுகளில் ஒரே பதில்தான். எங்கள் ஊர் பரவாயில்லை, நாட்டு நிலைமை கொஞ்சம் மோசம், உலக நிலைமை ரொம்ப மோசம். எல்லா ஊர்க்காரனும் தன் ஊர் பரவாயில்லை என்றால், அந்த ரொம்ப மோசமான உலகம் எங்கேதான் இருக்கிறது?

பழக்கமும் கண்ணை மறைக்கும். டேனியல் பாலி என்ற மீன்வள அறிஞர் 1995இல் ஒன்று சொன்னார். ஒவ்வொரு தலைமுறையும் தான் வேலைக்கு வந்தபோது கடல் எப்படி இருந்ததோ அதையே இயல்பு என்று வைத்துக்கொள்கிறது, அதற்கு முன்னால் போனது எதுவும் அதன் கணக்கில் வருவதில்லை. கடலுக்குச் சொன்னது கண்மாய்க்கும் பொருந்துகிறது. ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்காவிலிருந்து 1952இல் இந்தியாவுக்கு வந்தது. கழிவுத் தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும். நம் பிள்ளைகளுக்குக் கண்மாய் மீன் என்றாலே அதுதான். கண்மாய் அழிப்பில், அதாவது ஊரே இறங்கி மீன் பிடிக்கிற நாளில், ஊத்தாக் கூடையைப் போட்டு விரால் பிடித்த பெரியவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, நம்பிக்கைக்கு வருகிறேன். சுற்றுச்சூழல் பேசுகிற நண்பர்கள் சிலருக்கு நம்பிக்கை என்றாலே முகம் சுருங்கும். அறியாமை என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடியில் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அங்கே கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக்காரர்கள் கண்மாயில் குஞ்சு பொரிக்கிற பறவை மிரண்டுவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. தீபாவளிக்கு வெடி போடாதே என்று ஒரு பிள்ளையிடம் சட்டம் போட்டுச் சொல்லிப் பாருங்கள், தெரியும். நம்ம இடையப்பட்டி வெள்ளிமலைக் கோயில்காட்டில் உசிலை மரங்கள் இன்னும் நிற்கின்றன என்றால், சாமி காட்டில் விறகு ஒடிக்கக்கூடாது என்ற பயம்தான் காவல்.

அரிட்டாபட்டியைச் சொல்லாமல் இந்த மண்ணில் பேச முடியுமா? 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193.215 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. இரண்டே வருஷத்தில், 2024 நவம்பரில், அதே வட்டாரத்தை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்தது. 2025 ஜனவரி 7ஆம் தேதி இந்த வட்டாரமே கிளம்பி மதுரை தல்லாகுளம் வரை போனது. ஜனவரி 23ஆம் தேதி ஏலம் ரத்து. அன்றைக்கு ஹெக்டேர் கணக்கைச் சொல்லியா இந்தச் சனம் திரண்டது? சமணர் படுக்கையும் குடைவரைக் கோயிலும் இருக்கிற மலை, எங்கள் சாமி இருக்கிற மலை, அதில் கை வைக்காதே என்றுதான் திரண்டது. இங்கே கைதட்டலாம், தட்டுங்கள்.

தட்டியாயிற்றா? இப்போது கசப்பு மருந்து. இதே மேலூர் வட்டாரத்தில், இதே மாதிரி மலைகள் கிரானைட்டாக அறுபட்டு லாரி லாரியாகப் போயின. 2012இல் அன்றைய ஆட்சியர் சகாயம் அறிக்கை கொடுத்த பிறகுதான் அந்த முறைகேடு நாட்டுக்கே தெரிந்தது. அதற்கு முன்னால் நமக்குத் தெரியாதா? மலை என்ன குண்டூசியா, காணாமல் போனால் தெரியாமலிருக்க? எதிர்த்து நின்றவர்கள் இருந்தார்கள், அவர்களை வணங்குகிறேன். மற்றவர்களுக்கு லாரி ஓடியது, வேலை கிடைத்தது, வெடிச் சத்தமும் பழகிப்போனது. டங்ஸ்டன் வெளியாள் கொண்டுவந்த ஆபத்து, உடனே தெரிந்தது. கிரானைட்டில் நம் வீட்டுக் கூலியும் கலந்திருந்தது, தெரியக் காலம் பிடித்தது.

சாமி இருந்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. மதுரை நகரத்துக்குள் கிருதுமால் நதி ஓடுகிறது. பாகவதத்தில், திராவிட நாட்டு அரசன் சத்தியவிரதன் கிருதமாலா ஆற்றில் நின்று நீர்க்கடன் செய்தபோது, அள்ளிய கையில் ஒரு சின்ன மீன் வந்தது, அதுதான் மச்சாவதாரம் என்று கதை. பெருமாளே மீனாக வந்த ஆறு. இன்றைக்கு அதில் ஜிலேபி கூட வராது, அத்தனையும் சாக்கடை. மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போய்க் கூடலழகரைச் சேவித்துவிட்டு வருகிறோம். ஆறு புனிதம், அதில் ஓடுவது சாக்கடை, இரண்டும் ஒரே மனசுக்குள் சண்டை போடாமல் குடியிருக்கின்றன. அப்பத்தா சொன்னதுதான், “அது வேற.” காசியில் கங்கைக் கரையில் ஆய்வு செய்த மானுடவியலாளர்களும் இதையே பார்த்திருக்கிறார்கள். கங்கையில் அழுக்கு இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறவர், கங்கை மாசுபட்டுவிட்டாள் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

2025 மே மாதக் கடைசியில் அன்றைய முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் மதுரைக்கு வந்தபோது, செல்லூர்ப் பக்கம் பந்தல்குடி வாய்க்காலைத் துணி கட்டி மறைத்தது பெரிய செய்தியானது. அப்புறம் அவரே போய் வாய்க்காலைப் பார்த்தார். துணியை யார் கட்டினார்கள் என்பது என் பேச்சு இல்லை. அந்த வழியாக நாமும்தான் தினம் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு போகிறோம், அதுவும் துணிதானே?

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். பேச்சை முடிக்கச் சொல்லி முதல் சீட்டு வந்துவிட்டது, பார்த்தேன். நம்ம பக்கம் கண்மாய்க் கரைக்கு அய்யனார் இருக்கிறார். மடைக்கு மடைக்கருப்பு இருக்கிறார். மலைக்கும் காட்டுக்கும் சாமி இருக்கிறது. மேலே இருந்து தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கிற வரத்துக் கால்வாய்க்கு மட்டும் யாரும் இல்லை. அதற்குப் பூசை இல்லை, படையல் இல்லை, திருவிழா இல்லை. அதனால் அது நம் கண்ணுக்கே தெரிவதில்லை. அதில் சுவர் வைத்தால் சாமிகுத்தம் இல்லை, கல் போட்டு மூடினால் வாசல். கண்மாயைத் தூர்வார ஆள் வருகிறது, படம் எடுக்கிறார்கள், வாரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வருகிற வழியை அடைத்துவிட்டு வயிற்றை ஆழமாக வெட்டி என்ன பலன்?

டீக்கடையில் போய்ப் பெரியாறு அணை எத்தனை அடி என்று கேளுங்கள். பச்சைப்பிள்ளை கூட 142 என்று சொல்லும், உச்ச நீதிமன்றம் 2014இல் தண்ணீர் தேக்கலாம் என்று சொன்ன அடி. வைகை அணை 71 அடி, அதுவும் தெரியும். உங்க ஊர் வரத்துக்கால் எத்தனை அடி அகலம் என்று கேட்டால் டீ ஆறிவிடும், பதில் வராது. பெரியாற்றுக் கால்வாயில் கள்ளந்திரி தாண்டி, வருஷத்துக்கு ஒரு விளைச்சலுக்கு மட்டும் தண்ணீர் கிடைக்கிற ஒருபோகப் பாசனம் நம்முடையது. பெரியாற்றுத் தண்ணீர் வந்தாலும் சரி, வானத்துத் தண்ணீர் விழுந்தாலும் சரி, கண்மாய்க்குள் வந்து சேருவது அந்தக் காலில்தான். கேரளாக்காரனோடு நமக்கு வழக்கு இருக்கிறது, மேலூர்க்காரனோடு மனஸ்தாபம் இருக்கிறது. வாய்க்காலை மூடிய மச்சானிடம் மட்டும் பேச முடியவில்லை.

சீமைக்கருவேலத்தைப் பாருங்கள். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வெட்டச் சொன்னதும் ஊர் ஊராக அரிவாளோடு இறங்கினோம். நல்லதுதான், கண்மாய்க்குள் அது வேண்டாத மரம். ஆனால் அது காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சுகிறது, மழையையே விரட்டுகிறது என்று சொல்லிக்கொண்டு வெட்டினோமே, அதற்கு ஆதாரம் கேட்டவர் யார்? மரத்தின் மேல் பழி போட்டால் யார் மனசும் நோகாது. மரம் வந்து பஞ்சாயத்து வைக்காது. குளத்தோடு கோபித்துக்கொண்டு கால் கழுவாமல் போனவனுடைய தம்பிதான், வாய்க்காலை விட்டுவிட்டு மரத்தோடு கோபித்துக்கொண்டவன்.

அதனால் வாசகர் வட்டம் சார்பில் இரண்டு வேண்டுகோள். ஒன்று, வருகிற கிராம சபையில் தீர்மானம். வரத்துக் கால்வாயின் அளவைக் காட்டும் புலப்பட நகலும், நிலம் யாருடையது என்று காட்டும் அ பதிவேட்டு நகலும் எடுத்து, நில அளவையரை வைத்து, கால்வாய் தொடங்கும் தலைப்பிலிருந்து கண்மாய் வரை அளந்து இரண்டு பக்கமும் கல் ஊன்ற வேண்டும். கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் போட்ட சட்டமே இருக்கிறது. வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது, மார்ச் 22 தண்ணீர் தினத்துக்கென்றே ஒன்று. அதில் டீயும் காராபூந்தியும் சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டு வந்தால் போதாது.

இரண்டாவது, அம்பலகாரப் பெரியவர்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன். அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கிற புரவி எடுப்புக்கு முதலில் கண்மாயிலிருந்து பிடிமண் எடுத்து, குதிரை செய்கிற வேளாரிடம் கொடுக்கிறோம். அந்த மண்தான் குதிரையாகி, மாலையும் துண்டும் போட்டுக்கொண்டு, ஊர்த் தோளில் ஏறி அய்யனாரிடம் வந்து சேர்கிறது. அடுத்த புரவி எடுப்பில் அந்தப் பிடிமண்ணை வரத்துக் கால்வாய்த் தலைப்பிலிருந்து எடுக்க முடியுமா? மண் எடுத்தவர்கள் கால்வாய்க்குள்ளேயே நடந்து ஊர் வந்து சேர முடியுமா? சாமி மண் வருகிற பாதையில் சுவர் நின்றால், அப்புறம் அது யார் மருமகன் வீட்டு வாசல் என்று யாரும் வாதாட மாட்டார்கள். தயவுசெய்து அங்கே கோயில் மட்டும் கட்டிவிடாதீர்கள், அதுவே ஆக்கிரமிப்பாகிவிடும். பாதை போதும். முறை மாறலாமா என்று கேட்பீர்கள். அது உங்கள் சபையில் பேச வேண்டியது, வெளியாள் நான் சொல்லக்கூடாது. பேசுங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

கைப்பேசியைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். மூன்றாவது சீட்டே வந்துவிட்டது, தலைமையாசிரியர் ஐயாவும் கடிகாரத்தைப் பார்க்கிறார். அது அடுத்த வருஷ விழாவுக்கு. தீர்மான வாசகம் எழுதிய தாள் பெண்கள் பக்கம் ஒன்று, ஆண்கள் பக்கம் ஒன்று சுற்றி வருகிறது. கையெழுத்துக்குப் பக்கத்தில் உங்கள் வயலுக்கு எந்த மடைப் பாய்ச்சல் என்பதையும் எழுதுங்கள். வாய்க்கால் மேல் வாசல் வைத்திருப்பவர்களும் தாராளமாகப் போடலாம், பலகைக்கல்லை என்றைக்கு எடுப்பது என்று கூட்டம் முடிந்து தனியாகப் பேசிக்கொள்வோம். அடுத்துப் பேச வேளாண்மைத் துறை அலுவலர் ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறார், ஒலிபெருக்கியை அவரிடம் கொடுக்கிறேன். வணக்கம்.